கண் கண்டதும் மனம் வளர்ப்பதும்



பிறர் தாரத்தை விரும்பாதே என்கிற ஒன்பதாம் கற்பனை நேரே மனதுக்குள் வந்து நிற்கிறது. பக்கத்துக் கோணான்குப்பத்தில் கோயில் கட்டிய வீரமாமுனிவர் 1730-ல் லத்தீனில் பெயர்த்த திருக்குறளிலும் 'பிறனில் விழையாமை' என்று ஓர் அதிகாரம் உண்டு. விழைதல் என்பதும் மனதின் காரியமே.

இதைக் கேட்டு நல்ல ஆத்துமாக்கள் சில வீணாய்க் கலங்குவதுண்டு. கலியாணமாகிப் பத்து வருஷமான பின்பு உளுந்தூர்ப்பேட்டை பஸ்ஸில் ஒரு முகம் அழகாய்த் தோன்றிற்று, பாவமா? இல்லை. தூண்டுதல், அதில் இன்பங்கொள்ளுதல், சம்மதித்தல் என்று அர்ச். அகுஸ்தீனார் மூன்று படிகள் சொன்னார். முதற்படி தானாய் வரும். மற்றவை நாம் நினைக்கிற விதத்தைச் சேர்ந்தவை.

தாவீதரசர் அரண்மனை மேல்மாடியில் உலாவுகையில் பெத்சபே குளிப்பதைக் கண்டார். அவள் யாரென்று விசாரித்தார். எலியாமின் மகள், உரியாஸின் மனைவி என்று பதில் வந்தது. அந்தப் பதிலில் ஒரு தகப்பனும் ஒரு புருஷனும் நின்றார்கள். அரசர் நினைவிலோ அழகு மாத்திரம் நின்றது. ஆள் அனுப்பினார், பிறகு உரியாஸின் உயிரும் போயிற்று.

நம் வீடுகளில் இது ஒப்பிடுதலாய்த் தொடங்கும். திருவிழாவில் புதுப்புடவையோடு கண்ட பெண்ணை, அடுப்புப் புகையில் பத்து வருஷம் நின்ற மனைவியோடு ஒப்பிடுவது நியாயமா? அடுத்த வீட்டுக்காரர் பொறுமைசாலி என்று எண்ணும் மனைவிக்கும் இதே கேள்விதான். அவர் தம் வீட்டுக்குள் எப்படியென்று அவளுக்கு என்ன தெரியும்? தெரியாததையெல்லாம் கற்பனை அழகாகவே நிரப்பிவிடும்.

1989-ல் ஜான்சன், ரஸ்பல்ட் என்ற அமெரிக்க மனோதத்துவ அறிஞர்கள் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார்கள். தம் துணையிடம் உறுதியாய்ப் பற்றுள்ளவர்கள் பிறருடைய கவர்ச்சியைக் குறைத்தே மதித்தார்கள். அவர்கள் கண் மங்கிவிடவில்லை. மனம் வேறு தராசில் நிறுத்தது.

அதற்காக நினைவைப் பலவந்தமாய் அடக்கவும் வேண்டாம். வெள்ளைக் கரடியை நினைக்காதீர்கள் என்று சிலரிடம் சொல்லிப் பார்த்தார் வெக்னர் என்பவர், 1987-ல். அவர்களுக்குக் கரடியே திரும்பத் திரும்ப வந்தது! நினைவோடு மல்லுக்கட்டாமல், ஒரு சிறு ஜெபம் சொல்லி, கைவேலையில் கருத்தைத் திருப்புங்கள்.

சென்னை, பெங்களூர் என்று வேலைக்குப் போயிருக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இரவில் போன் பேசும்போது பணக்கணக்கோடு வைத்துவிடாதீர்கள். மாடு கன்று போட்டதா, சின்னவனுக்குக் காய்ச்சல் விட்டதா, நீ சாப்பிட்டாயா என்று கேளுங்கள். அவள் சொல்லுகிற பதிலை முழுதும் கேளுங்கள்.