தறி வீட்டுப் பொறியாளருக்கு

அன்பு மகளுக்கு,

உன் நீண்ட செய்தியை ஷிப்ட் முடிந்து வந்து படித்தேன். டிஜிட்டல் ட்வின், முப்பரிமாண அச்சு, ரோபாட்டிக்ஸ், செயற்கை நுண்ணறிவு என்று நான்கு படிப்புகளின் பெயரையும் கட்டணத்தையும் எழுதி, ‘எதில் சேரட்டும் சித்தப்பா?’ என்று கேட்டிருக்கிறாய். ஒரகடத்தில் உன்னோடு பயிற்சிக்குச் சேர்ந்தவர்கள் எல்லோரும் ஏதாவது ஒன்றுக்குப் பணம் கட்டிவிட்டார்கள், நான் மட்டும் பின்தங்கிவிடுவேனோ என்ற பயம் வரிக்கு வரி தெரிகிறது.

இந்த வருஷம் எதிலும் சேராதே. அந்தப் படிப்புகள் வீண் என்று நான் சொல்லவில்லை. அவற்றை வைத்துத் தீர்க்க ஒரு சிக்கல் முதலில் உன் கையில் வேண்டும். அது காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் உன் வீட்டுக் கூடத்திலேயே இருக்கிறது. உன் பேட்சில் எத்தனை பேருக்கு அது வாய்த்திருக்கும் என்று யோசித்துப் பார்.

அப்பாவின் தறிக்கு மேலே இருக்கிற ஜக்கார்டு பெட்டியை ஏணி வைத்து ஏறிப் பார்த்திருக்கிறாயா? அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போகும், கொக்கி நேராக நிற்கும். மிதியை அழுத்தியதும் மேலே ஏறும் கத்தி அந்தக் கொக்கியைப் பிடித்துத் தூக்க, அதில் கட்டிய பாவு இழை எழும்பும். துளை இல்லாத இடத்தில் ஊசி பின்னுக்குத் தள்ளப்படும், கொக்கி விலகிக்கொள்ளும், இழை கிடந்த இடத்திலேயே கிடக்கும். பிரான்சில் லியோன் நகரத்து ஜோசப் மேரி ஜக்கார்டு 1804-இல் கொண்டுவந்தது இது. பாபேஜ் தன் கணக்குப் பொறிக்கு இந்த அட்டை யோசனையைத்தான் எடுத்துக்கொண்டார். இப்போது காஞ்சிபுரத்துக்கு வந்திருக்கும் எலக்ட்ரானிக் ஜக்கார்டில் அட்டைக் கட்டு கிடையாது. டிசைன் கணினிக் கோப்பாக வருகிறது, எந்தக் கொக்கி எழ வேண்டும் என்பதைச் சிறு மின்காந்தங்கள் தீர்மானிக்கின்றன. உன் ஆலையின் பிஎல்சி பெட்டி வால்வுகளைத் திறந்து மூடுகிறதே, அந்த வேலைக்கும் இதற்கும் அடிப்படையில் வித்தியாசம் இல்லை.

இன்னொன்று சொல்கிறேன். உன் லைனில் கோளாறு வந்தால் கயிற்றை இழுத்து விளக்கு எரியவிட்டு நிறுத்துகிறீர்களே, அந்த வழக்கத்தின் வேர் தறியில் இருக்கிறது. ஜப்பானில் ஒரு தச்சரின் மகனான சகிச்சி டொயோடா 1896-இல் செய்த விசைத்தறி, ஊடை அறுந்தால் தானாக நின்றுவிடும். குறையோடு துணி ஓடக் கூடாது, இயந்திரத்தின் பக்கத்தில் ஓர் ஆள் கண் கொட்டாமல் நிற்கவும் கூடாது என்பது அவர் எண்ணம். 1924-இல் வந்த அவருடைய ஜி வகைத் தானியங்கித் தறியின் காப்புரிமையை இங்கிலாந்தின் பிளாட் பிரதர்ஸ் நிறுவனம் 1929-இல் ஒரு லட்சம் பவுனுக்கு வாங்கியது. மகன் கீச்சிரோ 1937-இல் தனி நிறுவனமாக்கிய கார் தொழில் அந்தத் தறித் தொழிலின் மடியில் வளர்ந்ததுதான். சுசுகி நிறுவனமும் 1909-இல் தறி செய்யும் பட்டறையாகத் தொடங்கியது.

நம் ஊர்க் கதை எப்படிப் போனது என்று பார். அங்கே தறி செய்தவர்களே கார் செய்தார்கள். இங்கே கார் வெளியிலிருந்து வந்தது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ வெளியே வந்தது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான், 2012-இல் டெய்ம்லர். தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் கம்பெனி பஸ் ஏறினார்கள். அதைத் தவறென்று சொல்ல எனக்கு உரிமையில்லை, நானும் அப்படிப் போனவன்தான். ஆனால் போன எங்களில் அநேகம் பேர் ஆலையில் கற்றதைத் தறிக்குத் திருப்பிக் கொண்டுவரவில்லை. ஆலை ஒரு உலகம், தறி ஒரு உலகம் என்று பிரித்தே வைத்துக்கொண்டோம். அது எனக்கு நெடுநாளாகவே பொறுக்கவில்லை.

அப்படிப் பிரிக்காத ஒருவரைப் பற்றி நீ தெரிந்துகொள்ள வேண்டும். தெலங்கானாவின் சிந்தகிந்தி மல்லேசம், ஆறாம் வகுப்போடு பள்ளியை விட்டவர். போச்சம்பள்ளிப் புடவைக்குச் சாயம் கட்டுவதற்கு முன், அரைவட்டமாக நிற்கும் முளைகளில் நூலை இங்கும் அங்குமாகச் சுற்ற வேண்டும். இதை ‘ஆசு’ என்பார்கள். ஒரு புடவைக்கு ஏறக்குறைய 9,000 முறை கை போய்வர வேண்டும். அவர் அம்மா லட்சுமி அதைச் செய்து செய்து தோள்வலியில் துடித்தார். 1992-இல் மகன் வேலையைத் தொடங்கினார், 1999-இல் இயந்திரம் முழுமை பெற்றது. நடுவில் கடன், ஊராரின் ஏளனம், பிழைப்புக்காக ஹைதராபாத் வாசம். அங்கே ஓர் ஆலையில் வேறொரு இயந்திரத்தின் அசைவைப் பார்த்தபோதுதான் தன் இயந்திரத்தில் பிடிபடாமலிருந்த அசைவு அவருக்குப் பிடிபட்டது. நாலு மணி நேர வேலை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. இயந்திரத்துக்கு அம்மாவின் பெயரையே வைத்தார். 2017-இல் பத்மஸ்ரீ கிடைத்தது.

அவர் தொட்டது நூல் சுற்றும் வேலையை மட்டும். நெசவை அவர் தொடவில்லை. உடம்பை வதைக்கிற வேலை எது, புடவைக்கு மதிப்புத் தருகிற வேலை எது என்று பிரித்தறிந்ததுதான் அவருடைய பெரிய பொறியியல் என்று நினைக்கிறேன். அவர் இயந்திரத்தை விட அந்தத் தீர்ப்பு எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

நீயும் அங்கிருந்தே தொடங்கு. ஜக்கார்டு பெட்டியைத் தூக்க அப்பாவின் கால் எத்தனை கிலோ அழுத்துகிறது? மூட்டை நிறுக்கிற ஸ்பிரிங் தராசு போதும், மிதியில் மாட்டி இழுத்துப் பார். அங்குலத்துக்கு எத்தனை ஊடை விழுகிறது என்று பூதக்கண்ணாடி வைத்து எண்ணு, அதை அங்குலக் கணக்கில் புடவையின் நீளத்தால் பெருக்கு, வந்ததை அந்தக் கிலோவால் பெருக்கு. ஒரு புடவைக்கு அவர் முழங்கால் தாங்கும் மொத்தச் சுமை காகிதத்தில் வந்துவிடும். அந்த எண்ணைப் பார்த்த பிறகு, நெம்புகோல் விகிதத்தை மாற்றினால் போதுமா, எதிர் எடை தொங்கவிடலாமா, காற்றழுத்த சிலிண்டர் வேண்டுமா, சிறு மோட்டாரா என்ற கேள்விகள் தாமாக வரும். பெட்டி தூக்க மோட்டாரும் காற்றழுத்தமும் ஏற்கெனவே புழக்கத்துக்கு வந்திருக்கின்றன. ரயில்வே சாலைப் பக்கமோ வேறெங்கோ எந்த வீட்டில் ஓடுகிறது என்று விசாரித்துப் போய்ப் பார், நெசவாளர் சேவை மையத்திலும் கேள். எங்கே சத்தம் அதிகம், எது அடிக்கடி பழுதாகிறது, கரண்ட் போனால் என்ன செய்கிறார்கள் என்று குறித்துக்கொள்.

இதைவிடக் கடினமான கணக்கு, புடவையின் உடலையும் கரையையும் இணைத்து நெய்கிற கோர்வை. உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் தனித்தனி நாடா. ஒவ்வொரு ஊடையிலும் உடல் நூலும் கரை நூலும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும். அதற்காக வலப்பக்கம் இன்னொரு ஆள் தேவை. முன்பெல்லாம் பள்ளிக்கூடத்தில் இருந்திருக்க வேண்டிய பிள்ளைகள் அந்த இடத்தில் உட்கார்ந்தார்கள். இன்று உன் அம்மா உட்காருகிறார். ஒரு புடவையின் கூலியில் இரண்டு பேர் உழைப்பு அடங்கிப் போகிறது. இதை யோசித்துக்கொண்டே இரு, ஆனால் இதில் தொடங்காதே. முழங்காலின் கணக்கை முடித்த பிறகு இதற்கு வா.

எல்லை ஒன்றும் உண்டு. 1985-ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் புடவை உட்பட 11 வகைத் துணிகளைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியிருக்கிறது. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. நீ செய்கிற கருவி நாடாவையும் பலகையையும் ஓட்டத் தொடங்கினால் அப்பாவின் புடவை வேறு சரக்காகிவிடும், அவருடைய கூலியும் கூடவே போய்விடும். நாடா எறிவதும் பலகை அடிப்பதும் அவர் கையிலேயே இருக்கட்டும்.

இனி நீ கேட்ட புதிய கருவிகளுக்கு வருகிறேன். மிதியின் நெம்புகோலை மாற்ற வரைபடம் வேண்டும், ஃப்ரீகேட் மென்பொருளுக்குக் காசு கிடையாது, அதில் வரை. மரத்தில் இழைப்பதற்கு முன் சிறு மாதிரியை முப்பரிமாண அச்சில் எடுத்துப் பார், அளவுப் பிழை அப்போதே தெரியும். நெம்புகோல் வளையுமா என்று முதலில் கையால் கணக்குப் போடு, பிறகு கணினியில் அழுத்தப் பகுப்பாய்வு செய். இரண்டு விடைகளும் வெகுதூரம் விலகி நின்றால் நிறப்படத்தை நம்பாதே, தாங்கு முனைகளை எப்படிக் கொடுத்தாய் என்று தேடு. செயற்கை நுண்ணறிவிடம் தாராளமாகக் கேள். அது தரும் எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதி நீயே சரிபார்க்காமல் தச்சரிடம் போகாதே.

சென்னை அக்னிகுல் நிறுவனத்தார் ஒரே துண்டாக அச்சிட்ட எஞ்சினோடு 2024 மே 30 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட் அனுப்பினார்கள். நீ அந்தக் காணொளியை அனுப்பியிருந்தாய், எனக்கும் பெருமையாக இருந்தது. அதற்கு முன் பல தடவை ஏவுதல் ஒத்திவைக்கப்பட்டதையும் தேடிப் படி. அச்சு இயந்திரம் காசு கொடுத்தால் கிடைக்கும். கோளாறு தெரிந்த நேரத்தில் நிறுத்தி, திரும்பச் சோதித்து, மறுபடி வந்து நிற்கிற பழக்கத்தை வேலைதான் கற்றுத்தரும்.

ஆலையில் பராமரிப்புப் பிரிவின் பெரியவர்களோடு அதிகம் இரு. பேரிங் கெட்டுப் போவதை அவர்கள் சத்தத்தில் கண்டுபிடிப்பார்கள். உங்கள் அதிர்வு உணரி காட்டும் வரைகோட்டை அவர்களிடம் காட்டு, அவர்கள் காது சொன்னதும் அதுவும் எந்த நாளில் ஒத்துப்போகிறது என்று நோட்டில் எழுது. வெர்னியரும் டயல் கேஜும் கைக்குப் பழகும்வரை தினமும் எடு. பூஜ்யப் பிழை பார்க்காமல் ஓர் அளவும் எழுதாதே.

கார்த்திகை தீபத்துக்கு வரும்போது ஸ்பிரிங் தராசு கொண்டுவருகிறேன். அதற்குள் ஊடை எண்ணிக்கையை மட்டும் எடுத்து வை. அப்பா தறியில் இருக்கும் நேரத்தில் தொந்தரவு செய்யாதே, பாவு பிணைக்கிற நாளில் தறி சும்மா இருக்கும், அன்றைக்கு அளவெடு. எதைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் அவரிடம் கேள். அந்தப் பெட்டியின் எந்தக் கயிறு எதற்கு என்று அவருக்குத் தெரிந்த அளவு எனக்கும் தெரியாது.

அன்புடன்,
உன் சித்தப்பா
ஓசூர்