கடைக்குப் போகும் சைக்கிளும் சலரோகமும்

எமது ஒன்றுகூடல்களில் தேநீர் பரிமாறும்போது “எனக்குச் சீனி வேண்டாம்” என்ற குரல் இப்போது அடிக்கடி கேட்கின்றது. முன்பு அறுபது வயதில் வந்த சலரோகம் இன்று நாற்பதிலேயே வந்து நிற்கின்றது. டெனிஷ் அயலவரைப் பார்த்து “அவர் என்னைவிடப் பருமன், அவருக்கு ஒன்றும் இல்லையே” என்று ஆறுதல் அடைபவர்களும் எம்மிடையே உண்டு. அந்த ஆறுதல் சரியல்ல. தெற்காசியர்களான எமக்கு உடல் எடை குறைவாக இருக்கும்போதே வயிற்றைச் சுற்றிக் கொழுப்புச் சேர்ந்து இந்த நோய் வருகின்றது. ஐரோப்பியர்களுக்கு உடற்திணிவுச் சுட்டி 25 ஐத் தாண்டினால்தான் அதிக எடை என்பார்கள். ஆசிய மக்கள் 23 இலிருந்தே கவனம் எடுக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர்குழு 2004 இல் கூறியது. 165 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 25 என்பது 68 கிலோ; 23 என்பது ஏறக்குறைய 62½ கிலோ. ஐந்து கிலோவுக்கு மேல் வித்தியாசம்!

வைத்தியர் என்ன சொல்வார் என்பது எல்லோருக்கும் தெரியும். சாப்பாட்டைக் கவனியுங்கள், உடற்பயிற்சி செய்யுங்கள். வளர்ந்தவர்கள் வாரத்தில் குறைந்தது 150 நிமிடங்களாவது சற்று மூச்சு வாங்கும் அளவுக்கு உடலை இயக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஆலோசனை. தொழிற்சாலையில் மாறி மாறி வேலை, பிள்ளைகளின் தமிழ் வகுப்பு, நடன வகுப்பு, வார இறுதியில் பிறந்தநாள் விழா. இதற்குள் 150 நிமிடங்களை எங்கே தேடுவது? ஜனவரியில் உடற்பயிற்சி நிலையத்தில் பணம் கட்டி, மார்ச்சில் அந்தப் பக்கமே போகாதவர்கள் பலர்.

தனியாக நேரம் ஒதுக்கத் தேவையில்லாத ஒரு வழி எமது நிலக்கீழ் அறைகளில் காற்றுப்போன ரயருடன் நிற்கின்றது. உங்கள் வீட்டிலிருந்து நெற்றோவோ லிடலோ இரண்டரைக் கிலோமீற்றர் தூரம் என்று வைத்துக்கொள்வோம். போய்வர 5 கிலோமீற்றர். மணிக்கு 12 முதல் 15 கிலோமீற்றர் என்று அவசரமில்லாமல் மிதித்தால் 20 முதல் 25 நிமிடங்கள். வாரத்தில் நான்கு நாள் போனால் 80 முதல் 100 நிமிடங்கள் சேர்ந்துவிடும். காரில் போனாலும் அந்தத் தூரத்துக்கு எப்படியும் பத்து நிமிடம் செலவாகியிருக்கும். மீதியை நடந்து சரிக்கட்டலாம்.

டென்மார்க் இந்த விடயத்தில் நன்றாக ஆராயப்பட்ட நாடு. கொப்பன்ஹேகனில் ஆயிரக்கணக்கானோரைப் பல ஆண்டுகள் அவதானித்து 2000 இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், வேலைக்குச் சைக்கிளில் போகாதவர்களின் இறப்பு வீதம், போனவர்களைவிட 39 சதவீதம் அதிகமாக இருந்தது. எமக்கு இன்னும் நெருக்கமானது 2016 இல் வந்த ஆய்வு. 50 முதல் 65 வயது வரையான ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட டெனிஷ் மக்களை அதில் கவனித்தார்கள். சைக்கிள் ஓடுபவர்களுக்கு இரண்டாம் வகைச் சலரோகம் குறைவாக வந்தது. அதைவிட முக்கியமான செய்தி, அந்த வயதுக்குப் பின்னர் புதிதாக ஓடத் தொடங்கியவர்களுக்கும், ஓடாதவர்களைவிட ஆபத்து 20 சதவீதம் குறைவாக இருந்தது. ஆரோக்கியமானவர்கள்தான் சைக்கிள் ஓடுகிறார்களோ என்ற கேள்வி நியாயமானது. புகைத்தல், உணவு போன்றவற்றைக் கணக்கில் எடுத்த பின்னரும் வித்தியாசம் இருந்தது என்பதே பதில். “இனி எனக்கென்ன, வயது போய்விட்டது” என்று சொல்லும் அண்ணன்மாரும் அக்காமாரும் இதைக் கவனிக்கவும்.

காரணம் எளிது. தொடைத் தசைகள் உடலின் மிகப் பெரிய தசைகளுள் அடங்கும். அவை வேலை செய்யும்போது இன்சுலினின் உதவி குறைவாக இருந்தாலும் இரத்தத்திலுள்ள சீனியை இழுத்து எரிக்கின்றன. ஓடி முடித்த பின்னரும் பல மணி நேரத்துக்கு இன்சுலின் நன்றாக வேலை செய்யும். எனவே சோறு சாப்பிட்டுவிட்டுக் கதிரையில் சாய்வதற்குப் பதில், அந்த நேரத்தில் கடைக்குப் போய்வருவது மிகப் பயனுள்ளது.

பாரம் கட்டும் முறை

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் வாழ்ந்தவர்களுக்குச் சைக்கிளில் பாரம் ஏற்றுவதைச் சொல்லித்தர வேண்டுமா? பொருளாதாரத் தடையால் பெற்றோல் இல்லாத அந்தக் காலத்தில் விறகு, வெங்காய மூட்டை, நோயாளி எல்லாம் சைக்கிளிலேயே போயின. டைனமோவைச் சுற்றித்தான் வானொலிச் செய்தியும் கேட்டோம். ஆனால் அந்தச் சைக்கிளின் கரியர் தடித்த இரும்பு. இங்குள்ள கரியர்கள் பல 25 கிலோவுக்கு மட்டுமே செய்யப்பட்டவை. சில அதைவிடக் குறைவு. அளவு கரியரிலேயே பொறிக்கப்பட்டிருக்கும், பார்த்துக்கொள்ளுங்கள்.

ஹாண்டிலில் பிளாஸ்ரிக் பையைத் தொங்கவிடுவதுதான் நான் அதிகம் காணும் ஆபத்தான பழக்கம். பை ஆடி ஆடி முன்சில்லின் கம்பிகளுக்குள் போனால் சில்லு இறுகி, ஆள் தலைகீழாக விழ நேரிடும். முன்கூடையில் பாண், முட்டை, கீரை போன்ற பாரமற்றவை போதும். பாரமானவை பின்கரியரின் இரு பக்கமும் தொங்கும் சைக்கிள் பைகளில் இருக்க வேண்டும். பால், உருளைக்கிழங்கு, பருப்பு எல்லாம் பையின் அடியில், இரண்டு பக்கமும் ஏறக்குறையச் சமமாக. பத்துக் கிலோ அரிசி மூட்டை ஒன்றைவிட ஐந்து கிலோப் பைகள் இரண்டு நல்லது, பக்கத்துக்கு ஒன்று. முதுகுப்பை சிறு சாமானுக்குச் சரி. கூடினால் முதுகு நோகும், தடுமாறவும் செய்யும். பாரம் ஏற்றும்போது ஒற்றைக்கால் ஸ்ராண்டை நம்பாதீர்கள். இரண்டு கால் ஸ்ராண்ட் வாங்கிப் பூட்டினால் நிம்மதி. கட்டும் இழுவைப் பட்டியின் நுனியோ சால்வையோ சேலைத் தலைப்போ சில்லுக்கு அருகே தொங்கக்கூடாது.

பாரத்துடன் போகும்போது நிற்பதற்குக் கூடிய தூரம் வேண்டும், மழையில் இன்னும் கூட. இங்குள்ள பல சைக்கிள்களில் பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பிறேக் பிடிக்கும். பழக்கமில்லாதவர்கள் முதலில் வெறும் சைக்கிளில் பழகுங்கள். ரயரில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது அதன் பக்கத்திலேயே எழுதப்பட்டிருக்கும். காற்றுக் குறைந்தால் மிதிப்பது இரட்டிப்புக் கஷ்டம்.

இன்னும் அதிகம் ஏற்ற விரும்புவோருக்குப் பெட்டிச் சைக்கிள்கள் உண்டு. 1984 முதல் செய்யப்படும் கிறிஸ்ரியானியா மூன்றுசில்லு வண்டியில் பிள்ளைகளையும் சாமானையும் ஒன்றாகவே ஏற்றலாம். விலைதான் கொஞ்சம் அதிகம்.

வீதியில்

ஊரில் இடப்பக்கம் ஓடிய கை, இங்கே வலப்பக்கம். சந்தியில் இடதுபுறம் திரும்புவதென்றால் கார்களைப்போல வீதியின் நடுவுக்குப் போகக்கூடாது. நேராகச் சந்தியைக் கடந்து, எதிர்மூலையில் நின்று, பின்னர் இடப்பக்கம் போக வேண்டும். நிற்கப் போகும்போது கையை உயர்த்திக் காட்டவும். பச்சை எரிந்தாலும் வலப்பக்கம் திரும்பும் லொறிக்குப் பக்கத்தில் போய் நிற்காதீர்கள்; சாரதிக்கு உங்களைத் தெரியாமல் போகலாம். இருட்டில் முன்னும் பின்னும் லைற் கட்டாயம். தலைக்கவசம் சாதாரண சைக்கிளுக்குச் சட்டத்தில் கட்டாயமில்லை. என்றாலும் போடுங்கள். பிள்ளைகளுக்குப் போட்டுவிட்டு நாம் வெறுந்தலையுடன் போவது என்ன நியாயம்?

மருந்து எடுப்பவர்கள் கவனத்துக்கு

மெற்போமின் மட்டும் எடுப்பவர்களுக்கு ஓடும்போது சீனி மிகக் குறைவது அரிது. இன்சுலின் போடுபவர்களுக்கும், கிளிமெபிரைட், கிளிக்லசைட் போன்ற குளிசை எடுப்பவர்களுக்கும் அது நடக்கலாம். கைநடுக்கம், வியர்வை, தலைச்சுற்று வந்தால் உடனே இறங்கி நின்று குளுக்கோஸ் வில்லையோ இனிப்புச் சாறோ எடுங்கள். சாமான் பையில் அல்ல, சட்டைப் பையிலேயே வைத்திருங்கள். சலரோகத்தால் கண் விழித்திரை பாதிக்கப்பட்டவர்கள், இருதய நோயாளர், கால் விறைப்பு உள்ளவர்கள் முதலில் குடும்ப வைத்தியரிடம் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும். விறைப்பு உள்ளவர்கள் வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தைக் கழற்றிப் பாதத்தைப் பார்ப்பதும் அவசியம். நெஞ்சில் இறுக்கம் வந்தால் மிதிப்பதை நிறுத்தி 112 ஐ அழைக்கவும்.

முழங்கால் நோவு உள்ளவர்கள் இருக்கையைச் சற்று உயர்த்தி, இலேசான கியரில் ஓடினால் நோவு குறையும். குதிக்கால் பெடலில் இருக்கும்போது, பெடல் கீழே வந்த நிலையில் கால் கிட்டத்தட்ட நிமிர்ந்திருந்தால் உயரம் சரி. யூலண்டின் எதிர்க்காற்றுக்குப் பயந்தவர்களுக்கு மின்சாரச் சைக்கிள் இருக்கின்றது. மிதித்தால் மட்டும் மோட்டார் துணைக்கு வரும் வகையை வாங்குங்கள். அதிலும் உடல் வேலை செய்கின்றது. பனி உறைந்த நாட்களில் வேண்டாம்.

கார் இருக்க ஏன் சைக்கிளில் போகிறார் என்று நாலு பேர் கேட்பார்கள்தான். இந்நாட்டில் பாராளுமன்ற உறுப்பினர்களே சைக்கிளில் போகிறார்கள் என்று சொல்லிவிட்டு மிதியுங்கள். முதல் வாரம் பாலும் பாணும் மட்டும் வாங்கப் போய்வாருங்கள். அடுத்த வாரம் மரக்கறியையும் சேர்க்கலாம். மாதாந்த அரிசி மூட்டைக்குக் காரையே எடுங்கள்.