தாழ்மை என்றால் திறமையை மறைப்பதா?

கேள்வி: பரலோக இராச்சியத்தில் தன்னைத் தாழ்த்துகிறவனே பெரியவன் என்றால், திறமையை ஒளித்து வாழ வேண்டுமா?
– வாசகர், அளவெட்டி

பதில்: தவில் மேதை தட்சிணாமூர்த்தி வாழ்ந்த ஊரிலிருந்து இப்படியொரு கேள்வியா! ஒளிக்க வேண்டியதில்லை. மத்தேயு 18ஆம் அதிகாரத்தில், யார் பெரியவர் என்று சீடர்கள் கேட்டபோது இயேசு ஒரு பிள்ளையை நடுவே நிறுத்தினார். அக்காலத்தில் பிள்ளைகளுக்கு அந்தஸ்து கிடையாது. அவர் விடச் சொன்னது அந்தஸ்து ஆசையைத்தான், ஆற்றலை அல்ல.

உங்கள் பக்கத்து மானிப்பாயையே பாருங்கள். 1847இல் யாழ்ப்பாணம் வந்து அங்கே மானிப்பாயில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், கற்பிக்க வந்தவர். முதலில் தமிழ் படிக்க மாணவராக உட்கார்ந்தார். பிறகு மேலைநாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார், மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். சபையில் எழுந்து 'நான் ஒன்றுமில்லை' என்று சொல்வதைவிட இது எவ்வளவோ கடினம். ஆகவே, உங்கள் திறமையைத் தாராளமாக வெளியே எடுங்கள். முதல் வரிசை நாற்காலியை மட்டும் தேடாதீர்கள்.