முதியோரும் பள்ளி நாடக நினைவுகளும்

மட்டக்களப்பு வாவிக்கரை ஊர்களில், பள்ளிப் பருவத்தில் வேஷங்கட்டி ஆடிய முதியோருடன் சம்பாஷிக்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள்:

• வருஷத்தைக் கேட்டு ஞாபகசக்தியைப் பரீட்சிப்பதை விடுத்து, "மூத்தப்பா, என்ன வேஷம் கட்டின நீங்க? முடி செஞ்சது ஆரு?" என்று அன்போடு வினவுங்கள்.

• வசனம் மறந்தவர்க்கும் தாளம் மனத்தில் தங்கியிருக்கக்கூடுமாதலால், மத்தளமும் சல்லரியும் ஒலிக்கும் வடமோடி, தென்மோடிக் கூத்துப் பதிவொன்றை மெல்லிய ஒலியில் போடுங்கள். விரல்கள் தாளமிடத் தொடங்கினால் இடையிற் பேசாதிருங்கள்.

• பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் 'கர்ணன் போர்', 'இராவணேசன்' முதலிய கூத்துக்களை மேடையேற்றியதைச் சொல்லி, அக்காலத்தில் அம்முதியவரின் பள்ளியில் ஆடியது கூத்தா, வசன நாடகமா எனக் கேளுங்கள்.

• 1978ஆம் ஆண்டுச் சூறாவளியிலும், உள்நாட்டு யுத்தத்திலும், 2004ஆம் ஆண்டுச் சுனாமியிலும் புகைப்படங்களோடு உடன் நடித்த தோழரையும் இழந்தவர் பலராதலின், படம் காட்டும்படி வற்புறுத்தாதீர்கள்; கண் கலங்கினால் தேநீர் கொடுத்து, சற்றே மௌனமாயிருங்கள்.

• அவர் சம்மதத்துடன் கைபேசியில் குரலைப் பதியுங்கள்; களைப்புத் தோன்றுமுன் நிறுத்தி, கூத்துப் பழக்கிய அண்ணாவியார் பெயரையும் ஊரையும் அன்றே கொப்பியில் எழுதிவையுங்கள்.