கணிப்பொறியின் காய்ச்சல்

மின்னாற்றல் பாய்ந்து தொழில்புரியும் பொருள் யாதாயினும் அது சூடுகொள்ளுதல் இயல்பு. மின்விளக்கு தான் பெற்ற ஆற்றலில் ஒரு பகுதியையேனும் ஒளியாக்குகிறது. விசிறி காற்றை அசைக்கிறது. கணிப்பொறியின் செயலியோ, அது செய்யும் கணக்கு எத்துணை நுட்பமானதாயினும், தான் பெற்ற மின்னாற்றல் ஏறக்குறைய முழுவதையும் வெப்பமாகவே வெளியிடுகிறது. 76 வாட் உண்டால் 76 வாட் வெப்பம் வெளிப்படும். அவ்வெப்பம் பிறக்கும் இடமோ கைவிரல் நகத்தின் அளவினதாகிய ஒரு சிறு சில்லு.

கடிதம் எழுதுதற்கும் கணக்கு வைத்தற்கும் பயன்படும் பொறிக்கு இதனால் பெருந்தொல்லை இல்லை. விளையாட்டிற்கென அமைக்கும் பொறியின் நிலை வேறு. சி.பி.யு. என வழங்கும் மையச் செயலியும், கிராபிக்ஸ் கார்டு என இளைஞர் கூறும் வரைகலை அட்டையும் மணிக்கணக்கில் ஒருங்கே உழைத்தல் வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற கடைத்தெருக்களில் உறுப்புகளைத் தனித்தனியே வாங்கி, வீட்டிலேயே பொருத்திக்கொள்ளும் மாணவர் இன்று பலர். பொருத்தியபின், பொறி அளவுக்கு மிஞ்சிச் சூடாகின்றதா என்று அறிவது எங்ஙனம்?

தமிழ் கற்பித்தவன் இதனைப் பேசப் புகுவதேன் என்று நீங்கள் நகைக்கலாம். இரண்டு சொற்களின் பொருள் வேறுபாட்டை உணராமையே இத்துறையிற் பல குழப்பங்களுக்குக் காரணமாக இருத்தலின், எனக்கும் இங்கு ஒரு சிறு வேலை உண்டு. அச்சொற்கள் வெப்பம், வெப்பநிலை என்பன. ஒரு குவளை கொதிநீரையும் ஓர் அண்டா வெந்நீரையும் எண்ணிப் பாருங்கள். குவளையின் வெப்பநிலை மிகுதி. ஆயினும் அண்டாவில் அடங்கிய வெப்பமே மிகுதி. பெட்டியின் பின்புறத்துக் கைவைத்து, ‘அனல் வீசுகிறது, பொறி கெட்டது’ என்று அஞ்சுவோரும், ‘காற்றுக் குளிர்ந்தே வருகிறது, குறை இல்லை’ என்று மகிழ்வோரும் இவ்வேறுபாட்டை மறந்தவரே. கைக்குப் புலனாவது வெளியேறும் வெப்பம். செயலி 70 பாகையில் இருப்பினும் 90 பாகையில் இருப்பினும், 76 வாட் உண்ணுமாயின் வெளியேறும் வெப்பம் அதே 76 வாட்தான். ஆதலின் கை இங்குச் சான்றாகாது. சில்லுக்குள்ளேயே அமைந்திருக்கும் உணர்விகள் காட்டும் எண்ணே சான்று.

அவ்வெண் எத்துணையாயின் மிகை? மனிதருடலுக்கு ஏறத்தாழ 37 பாகை செல்சியஸ் என்று பொதுவாகச் சொல்லிவிடலாம். செயலிகளுக்கு அங்ஙனம் ஒரே அளவு கூறல் இயலாது. ரைசன் 5 5600 என்னும் செயலிக்கு ஆக்கியோர் வகுத்த மேல் எல்லை 90 பாகை. இன்டெல் செயலிகள் பலவற்றிற்கு 100 பாகை. ஆர்.டி.எக்ஸ். 3060 என்னும் வரைகலை அட்டைக்கு 93 பாகை. 2022-இல் வெளிவந்த ரைசன் 7000 வரிசையிற் சில செயலிகள், முழு உழைப்பின்போது 95 பாகையைத் தொட்டு அங்கேயே நிற்குமாறு அமைக்கப்பட்டவை. ஒன்றற்குக் காய்ச்சலாக இருப்பது மற்றொன்றற்கு இயல்பாக இருத்தலைக் காண்க. ஆகவே முதற்கண் செய்யத்தக்கது, தம் செயலியின் பெயரை அறிந்து, அதற்கு ஆக்கியோர் கூறிய எல்லையைத் தேடிக் குறித்துக்கொள்ளுதலே.

எல்லையைக் கடந்தால் பொறி எரிந்துபோகுமோ எனின், இக்காலத்தில் அங்ஙனம் எளிதில் நிகழ்வதில்லை. 2001-ஆம் ஆண்டில் டாம்ஸ் ஹார்டுவேர் என்னும் இணைய இதழினர் ஓர் ஆய்வு செய்து காட்டினர். இயங்கிக்கொண்டிருந்த கணிப்பொறிகளின் செயலிமீது அமர்ந்து வெப்பத்தை வாங்கும் உலோகத் தொகுதியை அவர்கள் வேண்டுமென்றே கழற்றினர். அத்லான் என்னும் செயலி நொடிப்பொழுதிற் புகைந்து அழிந்தது. பெண்டியம் 4 என்னும் செயலியோ தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டு தொடர்ந்து இயங்கியது. இன்றைய செயலிகள் யாவும் அத்தகைய தற்காப்பை உடையன. எல்லையை நெருங்கியதும் வேகத்தைக் குறைக்கும்; அதுவும் போதாதாயின் தானே அணைந்துவிடும். இத்தற்காப்பு நன்மையே, எனினும் இதனால் நோய் மறைந்து நிற்கிறது. புகையும் இல்லை, ஒலியும் இல்லை, விளையாட்டு மட்டும் தடுமாறுகிறது. உரியவன் செயலி வலுவற்றது என எண்ணி, வேறொன்று வாங்கப் புறப்படுகிறான். ஆதலின் வெப்பநிலையை மட்டும் நோக்காது, அதனுடன் வேகத்தையும் சேர்த்து நோக்குதல் வேண்டும்.

இதற்கு எச்.டபிள்யு.இன்ஃபோ என்னும் மென்பொருள் விலையின்றிக் கிடைக்கிறது. செயலியின் வெப்பநிலை, ஜிகாஹெர்ட்ஸ் அளவில் அதன் வேகம், அது உண்ணும் வாட் ஆகியவற்றை அது வரிசையாகக் காட்டும். இவற்றோடு அறையின் வெப்பநிலையையும் ஒரு சிறு வெப்பமானியால் அளந்து குறித்துக்கொள்க. பலர் விட்டுவிடும் எண் இதுவே. காற்றாற் குளிரும் பொறியின் அறை 10 பாகை சூடேறினால், அதே உழைப்பிற்குச் செயலியும் ஏறத்தாழ 10 பாகை ஏறும். 22 பாகைக் குளிரறையில் வாழும் அயல்நாட்டான் ஒருவன் தன் செயலி 65 பாகையில் இருப்பதாகக் கூறின், 35 பாகை அறையில் வாழும் நமக்கு 78 என்பது அதற்கு நிகரான எண்ணே. அச்சத்திற்கு அங்கு இடமில்லை.

பொறியை இயக்கி, வேறு வேலை ஒன்றும் தராமல் பத்து நிமிடம் விட்டு, ஓய்வுநிலை எண்களை எழுதுக. பின்னர்ச் சினிபெஞ்ச் போன்றதொரு சோதனை மென்பொருளால் செயலிக்குப் பத்து நிமிடம் முழு உழைப்புத் தருக. பிரைம்95 என்பதையும் சிலர் பயன்படுத்துவர். அது 1996-இல் மெர்சென் பகா எண்கள் என்னும் பேரெண்களைத் தேடுதற்கு எழுந்த மென்பொருள். கணிதத்திற்குப் பிறந்தது, பொறிகளை வாட்டிச் சோதிக்கும் தொழிலையும் மேற்கொண்டது. அது தரும் உழைப்பு எந்த விளையாட்டும் தருவதினும் கடியது. அதன் எண் ஒன்றையே கண்டு கலங்குதல் கூடாது. ஆகவே மூன்றாவதாக, வழக்கமாக ஆடும் விளையாட்டையே அரைமணி நேரம் ஆடி அப்போதும் அளத்தல் வேண்டும். வரைகலை அட்டையின் வெப்பமும் அப்போது பெட்டிக்குள் கலப்பதால், உண்மை நிலை இங்குத்தான் வெளிப்படும். எல்லைக்குப் பத்துப் பாகையேனும் கீழே நின்று, வேகமும் குன்றாதிருப்பின் கவலையில்லை.

என் இல்லத்திற்கு அருகே வாழும் மாணவன் ஒருவன், தந்தையார் ஈராண்டு சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் இத்தகைய பொறி ஒன்று அமைத்தான். ரைசன் 5 5600 செயலியும், ஆர்.டி.எக்ஸ். 3060 அட்டையும், தனியே வாங்கிய குளிர்விப்பான் ஒன்றும் அதில் இருந்தன. விளையாட்டு ஐந்து நிமிடம் நன்கு ஓடும், பிறகு திணறும். வரைகலை அட்டை போதாது, மாற்றுக என்று ஒருவர் கூறினார். தந்தையார் கடன் வாங்கவும் ஒருப்பட்டார். அம்மாணவன் அதற்கு இசையாமல் முதலில் அளந்து பார்த்தான். அறை 33 பாகை. ஓய்வில் செயலி 49. முழு உழைப்பில் மூன்றே நிமிடத்தில் 90. வேகம் 4.2 ஜிகாஹெர்ட்ஸிலிருந்து 3.6-க்கு இறங்கியது. விளையாடும்போதும் செயலி 90-ஐத் தொட்டது. அட்டையோ 71 பாகைக்கு மேல் ஏறவே இல்லை. பழி சுமத்தப்பட்டது குற்றமற்றது என்பது அப்பொழுதே தெளிவாயிற்று.

அடுத்து அவன் செய்த சோதனை மிக எளியது, ஆயினும் பாராட்டத்தக்கது. பெட்டியின் பக்கப் பலகையைக் கழற்றிவிட்டு மீண்டும் அளந்தான். எட்டோ பத்தோ பாகை குறைந்திருந்தால், பெட்டிக்குள் காற்றோட்டம் போதாதென்று பொருள். விசிறிகள் எதிர்முகமாகப் பொருத்தப்பட்டனவா, முன்புறம் காற்று உட்புகவும் பின்புறம் வெளியேறவும் வழி உண்டா என்று பார்த்தல் வேண்டும். அவனுடைய செயலியோ பலகை நீங்கியும் 90-லேயே நின்றது. எனவே குறை பெட்டியில் இல்லை. செயலிக்கும் அதன்மேல் அமர்ந்த உலோகத்திற்கும் இடையிலேதான் இருத்தல் வேண்டும். மின்னை நிறுத்தி, இணைப்பைப் பிடுங்கிக் குளிர்விப்பானைக் கழற்றினான். அதன் செப்பு அடித்தளத்தைக் காக்க ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாள் நீக்கப்படாமலே இருந்தது. நீக்கிய பின் பொருத்துக என்று அதன்மேல் ஆங்கிலத்தில் அச்சிட்டும் இருந்தது!

செம்பு கடத்தும் வெப்பத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கேனும் பிளாஸ்டிக் கடத்துவதில்லை. காற்றும் அத்தகையதே. வழவழப்பாகத் தோன்றும் இரண்டு உலோகப் பரப்புகள் பொருந்தும்போதும் கண்ணுக்குப் புலனாகாப் பள்ளங்களிற் காற்றுத் தங்கும்; அதனை விலக்கி நிரப்புதற்கே தெர்மல் பேஸ்ட் என்னும் வெப்பப் பசை இடுகின்றோம். பசை மிகுந்தால் குளிர்ச்சி மிகும் என்பது தவறு. அவன் தாளை உரித்து, பழைய பசையை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்ந்த துணியால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புதுப்பசை இட்டு, திருகுகளை மூலைக்கு மூலை மாற்றிச் சிறிது சிறிதாக முடுக்கினான். அதே 33 பாகை அறையில், அதே பத்து நிமிடச் சோதனையில், செயலி 72 பாகையில் நின்றது. வேகம் 4.2-இல் அசையாது இருந்தது. செலவு பசைக்குரிய விலை மட்டுமே.

அவ்வெண்களை அவன் நாளும் அறை வெப்பநிலையும் குறித்து ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறான். சித்திரையில் அறை 38 பாகையாக இருந்தபோது செயலி 77 காட்டியது. ஐந்துக்கு ஐந்து, கணக்குச் சரி. அறை மாறாமலே எண் ஏறுமானால் அது பெரும்பாலும் தூசியின் வேலை. அப்போது பொறியை நிறுத்தி, விசிறி சுழலாதபடி விரலாற் பிடித்துக்கொண்டு, உலோகத் தகடுகளின் இடையே காற்றை ஊதித் தூசியை வெளியேற்றிய பின் மறுபடியும் அளக்கலாம்.