‘அமெரிக்கன்’ பெயரில் அயல்நாட்டு உணவுகள்: முக்கியக் குறிப்புகள்

(பொருத்துக, கூற்று–காரணம் வகை வினாக்களுக்கு)

♦ துருக்கியின் ‘அமெரிக்கன் சாலட்’ உண்மையில் ரஷ்ய சாலட். வேகவைத்த உருளைக்கிழங்கு, கேரட், பட்டாணி, ஊறவைத்த வெள்ளரி ஆகியவற்றை மயோனைஸில் பிசைந்தது. 1860-களில் மாஸ்கோவின் ஹெர்மிடேஜ் உணவகத்தில் லூசியன் ஒலிவியே உருவாக்கிய சாலட்டின் வழிவந்தது. துருக்கி 1952-ல் நேட்டோவில் சேர்ந்தது. பனிப்போர்க் காலத்தில் சோவியத் வாடை வேண்டாம் என்று பெயரை மட்டும் மாற்றிக்கொண்டார்கள். கிண்ணத்தில் இருந்தது மாறவில்லை. இந்தப் பட்டியலில் அரசியல் காரணம் தெளிவாகத் தெரிவது இதில்தான். கூற்று–காரணம் வினாவுக்கு இதை விடச் சிறந்த உதாரணம் இல்லை.

♦ அமெரிக்கன் சாப்சூயி: இந்திய–சீன உணவு. மொறுமொறுவென்று பொரித்த நூடுல்ஸ், அதன்மேல் தக்காளி சாஸ் தூக்கலான புளிப்பு–இனிப்புக் கலவை, உச்சியில் ஓர் ஆஃப்பாயில். மஞ்சள் கரு உடைந்து இறங்கும்போதே சாப்பிட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் நூடுல்ஸ் நமத்துவிடும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து பகுதியில் இதே பெயரில் கிடைப்பது மாக்கரோனி, கொத்திய மாட்டிறைச்சி, தக்காளி சேர்ந்த வேறு பண்டம். குழப்பிக்கொள்ள வேண்டாம்.

♦ தாய்லாந்து: ‘காவ் பாட் அமெரிக்கன்’. கெட்சப், உலர்திராட்சை சேர்த்து வறுத்த சோறு. பக்கத்தில் பொரித்த கோழி, சாசேஜ், முட்டை. வியட்நாம் போரின்போது உடோன் தானி, கோராட் தளங்களில் இருந்த அமெரிக்க விமானப்படையினருக்காகச் செய்தது என்பார்கள். விமான நிலைய உணவகத்தில் பிறந்தது என்றும் சொல்வார்கள். ஒன்றை மட்டும் மனப்பாடம் செய்வது ஆபத்து.

♦ பெல்ஜியம்: ‘ஃபிலே அமெரிக்கேன்’. அரைத்த பச்சை மாட்டிறைச்சி. அடுப்பில் ஏற்றுவதே இல்லை. 1920-களில் பிரஸ்ஸல்ஸில் ஜோசப் நீல்ஸ் உருவாக்கியதாகக் கூறப்படுகிறது.

♦ பிரான்ஸ்: ‘ஓமார் அ லமெரிக்கேன்’, சிங்கி இறால் உணவு. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் ‘பீட்டர்ஸ்’ உணவகம் நடத்திய பியர் ஃப்ரெய்ஸ் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படுவது. அவர் சிக்காகோவில் வேலை பார்த்தவர். சமையலில் அந்த ஊரின் சாயலே கிடையாது: தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தென்பிரான்ஸ் கைப்பக்குவம்.

♦ இத்தாலி: அமெரிக்கானா பீட்சா (மேலே சாசேஜ், ஃப்ரெஞ்ச் ஃப்ரைஸ்).

♦ ஜப்பான்: ‘அமெரிக்கன் டாக்’. குச்சியில் செருகிய சாசேஜை மாவில் தோய்த்துப் பொரிப்பது. கெட்சப், கடுகு சாஸோடு தருவார்கள். ஹொக்கைடோ தீவின் கிழக்குப் பகுதியில் இதையே சர்க்கரையில் புரட்டி ‘ஃப்ரெஞ்ச் டாக்’ என்று விற்கிறார்கள்.