மணம் இழந்த மூக்கும் ருசி இழந்த நாக்கும்

"உப்பில்லாப் பண்டம் குப்பையிலே" என்பார்கள். உப்பும் புளியும் சரியாக இருந்தும் பண்டம் ருசிக்கவில்லை என்றால் குற்றம் யாருடையது? சமைத்தவரையோ சாப்பிடுபவரையோ குறை சொல்லுமுன் மூக்கைக் கவனியுங்கள். இந்த உண்மையை நான் எங்கள் வீட்டிலேயே கற்றுக்கொண்டேன்.

என் பெற்றோர் கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீப்ஸில், ஒரு லைன் வீட்டில் வசிக்கின்றனர். அப்பா சுரங்கத் தொழிலாளி. 2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பட்டன. பலரைப் போலவே பிள்ளைகளாகிய நாங்களும் பிழைப்புக்காகப் பெங்களூர் வந்துவிட்டோம். மாதம் ஒருமுறை மாரிக்குப்பம் ரயிலில் போய் சாம்பியன் நிலையத்தில் இறங்குவோம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருமுறை போனபோது அம்மா வைத்த ரசம் உப்புக் கரித்தது. அடுத்த மாதம் குழம்பில் காரம் தாங்கவில்லை. "உன் கைப்பக்குவம் போயிடுச்சு" என்று அப்பா சலித்துக்கொண்டார். அம்மா பதில் பேசவில்லை. மற்றொரு நாள், அடுப்பில் பால் தீய்ந்து புகை வெளித் திண்ணை வரை வந்தது. பக்கத்திலேயே கீரை ஆய்ந்துகொண்டிருந்த அம்மா எழுந்திருக்கவில்லை. "தீய்ந்த வாடை தெரியலையாம்மா?" என்றேன். "எந்த வாடையும் தெரிஞ்சு ஆறு மாசமாச்சுடா. சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லலை" என்றார்.

ருசி எங்கே பிறக்கிறது?

நாக்கு தானாக அறிவது சில அடிப்படைச் சுவைகளை மட்டுமே. நம் முன்னோர் அறுசுவை என்று வகுத்தனர். இன்றைய அறிவியல் இனிப்பு, புளிப்பு, உப்பு, கசப்பு, இவற்றோடு உமாமி என ஐந்தைச் சொல்கிறது. காரமும் துவர்ப்பும் வாயில் ஏற்படும் எரிச்சல், தொடு உணர்ச்சிகளைச் சேர்ந்தவை.

அப்படியானால் பெருங்காயத்துக்கும் சீரகத்துக்கும் உள்ள வேறுபாடு? அது மூக்கின் வேலை. உணவை மெல்லும்போது எழும் மணம் தொண்டையின் பின்வழியாக மூக்கின் உச்சிக்குப் போகிறது. அங்குள்ள நரம்பு செல்கள் அதை உணர்ந்து மூளைக்குச் சொல்கின்றன. மனிதனுக்கு ஏறத்தாழ 400 வகை மண உணர்விகள் உள்ளன. இத்துறை ஆராய்ச்சிக்காக ரிச்சர்ட் ஆக்ஸல், லிண்டா பக் இருவரும் 2004-இல் நோபல் பரிசு பெற்றனர்.

மூக்கைப் பிடித்துக்கொண்டு ஒரு ஏலக்காய் மிட்டாயை வாயில் போடுங்கள். இனிப்பு மட்டும் தெரியும். மூக்கை விட்டதும் ஏலக்காய் தெரியும். அம்மாவின் உப்பும் காரமும் ஏன் ஏறின என்பது இப்போது விளங்கும். மணம் தெரியாதவருக்கு எஞ்சியிருப்பவை அவைதான். ருசியைத் தேடி அவற்றையே அள்ளிப் போடுகிறார்கள். இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு இது கெடுதல்.

சைனஸ் என்ன செய்கிறது?

நெற்றி, கன்னம், கண்களுக்கு இடைப்பகுதி, மூக்கின் பின்புறம் ஆகிய இடங்களில் எலும்புக்குள் காற்றறைகள் உள்ளன. இவையே சைனஸ்கள். இவற்றின் உட்சவ்வு வீங்கினால் சளி வடியாமல் தங்கும். மணம் மூக்கின் உச்சியை எட்டாது. அழற்சியால் மண நரம்பு செல்களும் பாதிக்கப்படலாம். 12 வாரத்துக்கு மேல் நீடித்தால் அது நாட்பட்ட சைனஸ் நோய். சிலருக்கு மூக்கினுள் சதையும் வளரும்.

தூசும் புகையும் மூக்கை உறுத்தும். சாம்பியன் ரீப்ஸ்காரர்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பொன்னைப் பிரித்தெடுத்த பின் கொட்டிய மண், சயனைடு மேடுகளாகத் தங்கவயலில் மூன்று கோடி டன்னுக்கும் மேல் நிற்கிறது. காற்றடிக்கும் காலத்தில் அதன் தூசு வீட்டுக்குள் வந்து படியும். அந்நாட்களில் சன்னலை மூடுவதும், ஈரத்துணியால் துடைப்பதும், வெளியே போகும்போது முகக்கவசம் அணிவதும் நல்லது. ஆனால் மண இழப்புக்கெல்லாம் தூசே காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. ஒவ்வாமை, சளிக் காய்ச்சல், கோவிட், தலையில் அடி, சில மருந்துகள், முதுமை ஆகியவையும் காரணமாகலாம்.

சிகிச்சை

அம்மாவைக் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துப் போனோம். குழாய்க் கருவியால் பார்த்து, சதை வளர்ந்திருப்பதாகச் சொன்னார். இந்நோய்க்குப் பொதுவாக முதலில் தருவது உப்புநீரால் மூக்கைக் கழுவுதலும் ஸ்டீராய்டு ஸ்ப்ரேயும். ஸ்ப்ரேயை வாரக்கணக்கில் தவறாமல் அடித்தால்தான் பலன் தெரியும். இவற்றால் தீராவிட்டால் மாத்திரையோ அறுவை சிகிச்சையோ தேவைப்படலாம்.

மூக்கைக் கழுவ, கால் லிட்டர் நீரில் அரைத் தேக்கரண்டி அயோடின் சேராத உப்பும் ஒரு சிட்டிகை சமையல் சோடாவும் போதும். நீர் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். குழாய் நீரையோ கிணற்று நீரையோ அப்படியே பயன்படுத்தக் கூடாது. அதிலிருக்கும் அமீபா மூக்கு வழியே மூளைக்குச் சென்றால் உயிருக்கே ஆபத்து. கடையில் வாங்கும் மூக்கடைப்புச் சொட்டு மருந்தைச் சில நாட்களுக்கு மேல் போட்டால் அடைப்பு முன்னிலும் அதிகமாகும். ஆவி பிடித்தால் சற்று இதமாக இருக்கும், நோய் தீராது. கொதிநீர் மேலே கொட்டிவிடாமல் கவனம் தேவை.

மண நரம்பு செல்கள் வாழ்நாள் முழுதும் புதிதாக முளைப்பவை. ஆகவே பயிற்சியும் உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர மருத்துவர் தாமஸ் ஹும்மல் 2009-இல் வெளியிட்ட முறை இது: ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் ஆகிய நான்கையும் காலை மாலை இருவேளையும், ஒவ்வொன்றாகச் சில விநாடிகள், அதன் மணத்தை நினைவுகூர்ந்தபடி முகர வேண்டும். குறைந்தது 12 வாரம் தொடர வேண்டும். சளிக் காய்ச்சலுக்குப் பின் மணம் இழந்தவர்களிடம் இது நன்கு பயன்பட்டுள்ளது. சைனஸ்காரர்கள் சிகிச்சையோடு சேர்த்துச் செய்யலாம்.

வீட்டில் கவனிக்க வேண்டியவை

1. உப்பையும் மிளகாய்த்தூளையும் கரண்டியால் அளந்து போடவும். வேறொருவர் ருசி பார்க்கட்டும்.

2. ருசிக்கு எலுமிச்சை, புளி, மாங்காய் சேர்க்கலாம். வறுத்த கடலை, அப்பளம் போன்ற மொறுமொறுப்பும், கண்ணுக்கு நிறைவான நிறமும் சாப்பிடத் தூண்டும்.

3. சிலருக்குக் காப்பி, வெங்காயம், பொரித்த இறைச்சி எல்லாம் நாற்றமாகத் தோன்றும். அவர்களுக்குச் சூடு ஆறிய உணவில் வாடை குறைவு. தயிர்சாதம், இட்லி ஒத்துக்கொள்ளும்.

4. கெட்ட உணவை முகர்ந்து அறிய முடியாது. சமைத்த நாளை எழுதி ஒட்டி வைக்கவும்.

5. சமையல் வாயுவுக்கு இயல்பாக மணமில்லை. கசிவை நாம் அறிவதற்காகவே துர்நாற்றப் பொருளைச் சேர்க்கிறார்கள். மணம் தெரியாதவருக்கு அந்த எச்சரிக்கை எட்டாது. வாயுக் கசிவுக்கு ஒலி எழுப்பும் கருவியைப் பொருத்தவும். இரவில் சிலிண்டரை மூடவும்.

தாமதம் கூடாது

ஒரு பக்க மூக்கில் மட்டும் அடைப்பு, இரத்தம் கலந்த சளி, தலையில் அடிபட்டபின் மணம் போதல் ஆகியவை இருந்தால் விரைவில் மருத்துவரைப் பார்க்கவும். கண் வீக்கம், பார்வை மங்கல், கழுத்து விறைப்புடன் கடும் தலைவலி என்றால் அன்றே மருத்துவமனை செல்லவும். சர்க்கரை நோயாளிக்கு முகவலியும் மூக்கில் கருமை நிறக் கசிவும் வந்தால் ஒரு மணி நேரமும் காத்திருக்கக் கூடாது.

அம்மாவுக்கு மணம் முழுதாகத் திரும்பவில்லை. நான்கு மாதம் கழித்து ஒரு காலை, "காப்பி வாசனை வருதுடா" என்றார். மல்லிகை இன்னும் தெரியவில்லை என்கிறார். இப்போது ரசத்துக்கு உப்புப் பார்ப்பது அப்பாவின் வேலை. கைப்பக்குவத்தைக் குறை சொல்வதையும் விட்டுவிட்டார்.

ஊரில் பெற்றோரை விட்டுவந்த நாம் தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா?" என்று தவறாமல் கேட்கிறோம். "ருசியும் வாசனையும் தெரியுதா?" என்றும் ஒரு வார்த்தை கேட்போம். அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.